மான்டிஸ் இறால் வளர்க்க: முதலில் குணம், பிறகு தொட்டி

கும்பிடுபூச்சியைப் போல முன்கால்களை மடித்து வைத்திருக்கும் கடல் உயிரி இது. நிறத்தில் மயங்கி வாங்கிவிட்டுப் பிறகு திண்டாடுகிறவர்கள் அதிகம். இனத்துக்கு இனம் குணம் அவ்வளவு மாறும்.

படி 1: முன்காலைப் பாருங்கள்
மடிந்த இடம் குமிழ்போலத் தடித்திருந்தால், அது நண்டு, நத்தை ஓடுகளை அடித்து உடைக்கும் இனம். முட்கள் வரிசையாக நீண்டிருந்தால், மீனைக் குத்திப் பிடிக்கும் இனம்.

படி 2: வாழிடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்
குணத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. அடிக்கும் இனமான கோனோடாக்டிலஸ் வகைகள் பவளப்பாறைப் பொந்துகளில் வாழ்பவை. நல்ல பொந்துக்குப் போட்டி கடுமை என்பதால் எளிதில் சண்டைக்கு வரும். முன்கால்களை விரித்து உட்புற வண்ணப் பொட்டைக் காட்டினால் அது எச்சரிக்கை, கையை எடுத்துவிடுங்கள்.

மயில் மான்டிஸ் கற்சிதறல்களை அடுக்கித் தன் வளையைத் தானே கட்டும். வளை வாயிலில் நின்று, காம்புக் கண்களைத் தனித்தனியே சுழற்றி நம்மையே கவனிக்கும். எனக்கு மிகவும் பிடித்த காட்சி அது. ஆனால் 18 செ.மீ. வரை வளரும், அடியின் வேகம் நொடிக்கு 20 மீட்டரைத் தாண்டும்.

வரிக்குதிரை மான்டிஸ் குத்தும் இனம், கூச்சம் மிகுந்தது. மணல் வளையிலிருந்து பெரும்பாலும் கண்கள் மட்டுமே தெரியும். சூடோஸ்குவில்லா சிலியாட்டாவும் குத்தும் இனமே, ஆனாலும் வெளியே திரிந்து வேட்டையாடும்.

புதியவர்களுக்கு நான் சொல்வது நியோகோனோடாக்டிலஸ் வெனரே. உருவில் சிறியது, உரம் மிக்கது, பழகிவிட்டால் துணிச்சலாக வெளியே வரும்.

படி 3: குணத்துக்கேற்ற தொட்டி
மயில் மான்டிஸுக்கு அக்ரிலிக் தொட்டியும் மங்கலான வெளிச்சமும். வரிக்குதிரை மான்டிஸுக்கு ஆழமான மணல். எந்த இனமானாலும் ஒரு தொட்டியில் ஒன்றுதான். தாமிரம் கலந்த மருந்து கூடவே கூடாது.

படி 4: இடுக்கியால் பழக்குங்கள்
சில நாள் விட்டுவிட்டு, நீண்ட இடுக்கியில் இறால் துண்டை நீட்டுங்கள். அடிக்கும் இனமானால் ‘டக்’கென்ற அதிர்வு விரல் வரை ஏறும்.

படி 5: திடீரென ஒளிந்தால் பொறுங்கள்
வாயிலைக் கற்களால் அடைத்துக்கொண்டால் ஓடு உரிக்கப் போகிறது என்று கொள்ளலாம். பாறையைத் தூக்கிப் பார்க்காதீர்கள். உரித்த புதிதில் உடல் மென்மையாக இருக்கும். அடிக்க வலுவில்லாதபோதும் கால்களை விரித்து மிரட்டும். அதுவே வாயிலைத் திறந்து எட்டிப் பார்த்த பிறகு மறுபடி இடுக்கியை எடுங்கள்.