முதலில் செடி, அப்புறம்தான் ஆமை: கொல்லைப்புற அடைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பது பழமொழி. வீட்டைப் பற்றித் தெரியாது. ஆமை புகுந்த பாத்தி நிச்சயம் உருப்படாது. வேர் பிடிக்காத செடியை ஒரே நாளில் தரையோடு தரையாக்கிவிடும். தின்றது கால்வாசி என்றால் மிதித்தது முக்கால்வாசி. ஆனாலும் பலர் முதலில் ஆமையைக் கொண்டுவருகிறார்கள், அப்புறம் நாலு கல்லை வைத்து மறைப்புக் கட்டுகிறார்கள், கடைசியில் செடி தேடுகிறார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போட்டாலே பாதித் தவறு நடக்காது. புல்லும் செடியும் தழைக்க இரண்டு மூன்று மாதம் ஆகும். அதற்குள் அடைப்பை நிதானமாகக் கட்டி முடிக்கலாம்.

அளவு போடுவதற்கு முன் எந்த இனம் என்பது தெரிய வேண்டும். ஹெர்மன் ஆமையும் ரஷ்ய ஆமையும் முழுதாக வளர்ந்தாலும் ஓடு சுமார் 20 செ.மீ.தான், ஓர் ஆமைக்கு 2.5 மீட்டருக்கு 1.5 மீட்டர் இடத்தைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளலாம். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பெரிய நில ஆமையான சுல்காட்டா அப்படியல்ல. உள்ளங்கையில் அடங்கும் குஞ்சாக வரும், வளர்ந்தால் 50 கிலோவையும் தாண்டும். அதற்கு முழுத் தோட்டமும் வேண்டும். நட்சத்திர ஆமை 2019-இல் சைட்டிஸ் என்ற பன்னாட்டு வனவுயிர் வணிக ஒப்பந்தத்தில் மிகக் கடுமையான பாதுகாப்புள்ள முதல் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. அதை அனுமதியின்றி வைத்திருப்பது பல நாடுகளில் குற்றம். எந்த இனமானாலும் சட்டம் அனுமதிக்கிறதா என்று பார்த்த பிறகே கடப்பாரையை எடுங்கள்.

வேலி: கண்ணுக்குத் தெரிந்தால் போக நினைக்கும்

கம்பிவலை வேலிதான் அதிகம் நடக்கும் தவறு. வலைக்கு அப்பால் புல் தெரிகிற வரை ஆமை விடாது. நாள் முழுக்க அதே இடத்தில் முட்டும், மூக்கைத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும், கண்ணிக்குள் தலையோ காலோ சிக்கும். பலகை, சிமென்ட் கல், செங்கல் என்று எதுவானாலும் பார்வையை மறைக்கும் சுவராக இருக்கட்டும். தார் எண்ணெய் பூசிய பழைய ரயில்வே கட்டைகள் வேண்டாம். அந்த எண்ணெய் நச்சு.

சுவரின் உயரம் ஓட்டின் நீளத்தைப்போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். சிறிய இனமானாலும் 40 செ.மீ.க்குக் குறைக்காதீர்கள். ஆமை ஏறாது என்று நினைப்பவர்கள் ரஷ்ய ஆமையை மூலையில் விட்டுப் பார்க்கலாம்: இரண்டு சுவரிலும் கால்களை உதைத்து மேலே போய்விடும். நான்கு மூலைகளின் மேலும் முக்கோணப் பலகை ஒன்றை உள்பக்கம் 15 செ.மீ. நீட்டி அடித்தால் போதும். கல், மரக்கட்டை, கூண்டுப்பெட்டி எதையும் சுவரை ஒட்டி வைக்கக் கூடாது. நீங்களே படிக்கட்டு போட்டுக் கொடுத்த கதையாகிவிடும்.

தோண்டும் இனத்துக்குச் சுவர் மண்ணுக்குள் 30 செ.மீ. இறங்க வேண்டும். முடியாவிட்டால் சுவரின் உள்பக்க அடியை ஒட்டி 30 செ.மீ. அகலத்துக்குத் தட்டைக் கற்களைப் பதிக்கலாம். ஆமை பெரும்பாலும் சுவர் ஓரத்தில்தான் தோண்டத் தொடங்கும். பெரிய சுல்காட்டாவிடம் இந்த வேலையெல்லாம் பலிக்காது. அதன் வளை பல மீட்டர் நீளும். வீட்டு அஸ்திவாரத்திலிருந்து தள்ளியே அதன் அடைப்பை வைக்க வேண்டும். குஞ்சுகளுக்கு வெளியிலிருந்தும் ஆபத்து உண்டு: காகம், எலி, நாய். சுமார் ஒரு செ.மீ. கண்ணியுள்ள வலைமூடி போட்டுத் தாழிடுங்கள். இங்கே மட்டும் கம்பிவலை நல்லது.

வெயில், நிழல், தண்ணீர்

கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைப்பது இரட்டைத் தவறு. ஓடு உறுதிப்படத் தேவையான யுவிபி என்ற புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். வெப்பத்தை மட்டும் உள்ளே சேர்த்துச் சில நிமிடங்களில் அடுப்பாக்கிவிடும். திறந்த அடைப்பிலும் காலையில் நிழல் விழுந்த இடம் மதியம் வெயிலாகலாம். காலை 9, நண்பகல் 12, மாலை 3 என்று மூன்று வேளையும் போய்ப் பார்த்த பிறகு மறைவிடத்தின் இடத்தை முடிவு செய்யுங்கள். மல்லாந்துபோன ஆமை கொளுத்தும் வெயிலில் அதிக நேரம் பிழைக்காது. அதனால் செங்குத்தான மேடு, உயரமான படி இரண்டும் வேண்டாம். ஆண் ஆமைகளைச் சேர்த்து விடவும் கூடாது. சண்டையில் ஒன்றையொன்று புரட்டிப் போடும்.

தண்ணீருக்கு ஆழமான தொட்டி வைப்பவர்கள் குளத்து ஆமையை மனத்தில் வைத்துக்கொண்டு செய்கிறார்கள். நில ஆமைக்கு நீந்தத் தெரியாது. பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் மண்தட்டை விளிம்பு தரைமட்டத்துக்கு வரும்படி புதைத்து, ஆமையின் தாடை அளவுக்குக் குறைவாகத் தண்ணீர் ஊற்றினால் போதும். அதிலேயே மலம் கழிக்கும், ஆகவே தினமும் மாற்ற வேண்டும்.

ஓடு கூம்பு கூம்பாக மேடு தட்டுவதற்குப் புரதம்தான் காரணம் என்று வெகுகாலம் சொல்லப்பட்டது. சுல்காட்டா குஞ்சுகளை வைத்து 2003-இல் வெளியான ஆய்வில், புரதத்தைவிடக் காற்றின் ஈரப்பதமே பெரிய காரணமாகத் தெரிந்தது. குஞ்சின் மறைவிடத்தில் மண்ணும் தேங்காய் நார்த்தூளும் கலந்து, கையில் பிடித்தால் ஈரம் தெரிந்து, பிழிந்தால் சொட்டாத பதத்தில் வைத்திருங்கள். வெறும் மணலைத் தின்றால் குடல் அடைபடும்.

செடிகள்

அரளி, உண்ணிச்செடி, ஊமத்தை, ஆமணக்கு, டிஃபன்பேச்சியா, அசேலியா ஆகியவை அடைப்புக்குள் மட்டுமல்ல, இலை உதிர்ந்து விழும் தூரத்திலும் இருக்கக் கூடாது. விஷச்செடியை ஆமையே ஒதுக்கிவிடும் என்ற பேச்சை நம்பாதீர்கள்.

இதைவிட எளிதில் கண்ணுக்குப் படாதது, நல்ல செடியோடு வரும் விஷம். நர்சரிச் செடியில் இமிடாகுளோபிரிட் போன்ற ஊடுருவும் பூச்சிமருந்து போட்டிருந்தால் அது இலைக்குள்ளேயே மாதக்கணக்கில் தங்கும், கழுவினால் போகாது. தொட்டி மண்ணில் கலந்துள்ள பெர்லைட் என்ற வெள்ளைத் துகள்களையும் நிறமுள்ள உர உருண்டைகளையும் ஆமை தேடித் தின்னும். மண்ணை உதறி, வேரைக் கழுவி, சுத்தமான மண்ணில் மாற்றி நட்டுப் பல மாதம் தனியே வளர்த்த பிறகு புதுத்தளிரைக் கொடுக்கலாம். அதற்கு நாமே பதியன் போடுவது மேல். செம்பருத்தி, மல்பெரி இரண்டுக்கும் பென்சில் கனத்தில் 20 செ.மீ. குச்சி வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நட்டால் பெரும்பாலும் துளிர்த்துவிடும். இவற்றின் இலையோடு திராட்சை இலை, முள்ளில்லாச் சப்பாத்திக்கள்ளி, ரோஜா இதழ், டான்டேலியன் என்ற மஞ்சள் பூக் களைச்செடி, அருகம்புல் என்று கலந்து இருக்கட்டும். சுல்காட்டாவுக்குப் பெரும்பங்கு புல்லாகவே இருக்க வேண்டும். அதற்குப் பழம் கொடுப்பது தவறு. சிவப்புக்கால் ஆமை பழமும் தின்னும் இனம்.

ஐஸ்பெர்க் லெட்யூஸ் என்ற சாலட் கீரையில் தண்ணீரைத் தவிர அதிகம் ஒன்றுமில்லை. பசலைக்கீரையில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தை உடலில் சேரவிடாது. உணவில் பாஸ்பரஸைப்போல் இரண்டு மடங்காவது கால்சியம் வேண்டும். கணவாய் ஓடு ஒன்றை அடைப்பில் போட்டுவையுங்கள், வேண்டும்போது கொறித்துக்கொள்ளும். நாய் உணவு, ரொட்டி, பால் எதுவும் கூடாது.

செடியை ஆமையிடமிருந்து காக்கவும் வழி செய்ய வேண்டும். செம்பருத்தியையும் திராட்சையையும் சுவருக்கு வெளியே நட்டுக் கிளையை உள்ளே தொங்கவிட்டால் வேர் பிழைக்கும், நிழலும் கிடைக்கும். புல்லுள்ள இடத்தைப் பலகையால் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை மூன்று நான்கு வாரம் மூடி வையுங்கள். மறுபாதி மொட்டையாகும்போது இது தழைத்திருக்கும். ஆமையை இடம் மாற்றியபின் சோப்புப் போட்டுக் கை கழுவ மறக்காதீர்கள், பார்க்க நலமாக உள்ள ஆமையும் வயிற்றுப்போக்கு தரும் சால்மொனெல்லா கிருமியைச் சுமக்கக்கூடும்.