சிறப்புப் பள்ளி விடுதியில் இரவுப் பணி: மாலை 6 மணியிலிருந்து விடியும் வரை

இரவு எப்படிப் போகும் என்பது மாலை 6 மணிக்கே பாதி தெரிந்துவிடும். பகல் டீச்சர் கிளம்பும் முன் இரவு ஆயாவிடம் நேரில் சொல்ல வேண்டும்: யார் சாப்பிடவில்லை, யாருக்கு மலம் போகவில்லை, யாருக்கு வலிப்பு வந்தது, யார் கீழே விழுந்தார்கள். நோட்டில் எழுதி வைத்துவிட்டுப் போனால் போதாது. வாசித்துக் காட்டிவிட்டுப் போக வேண்டும்.

பிள்ளை சேரும் நாளிலேயே அதன் இரவுச் சொற்களை அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பல வீடுகளில் தெலுங்கோ கன்னடமோதான் பேச்சு. பகலில் தமிழில் பதில் சொல்லும் பிள்ளை தூக்கக் கலக்கத்தில் 'நீள்ளு' என்றால் தண்ணீர் கேட்கிறது. 'உச்சே' என்றால் ஒன்னுக்கு வருகிறது. பேச்சே வராத பிள்ளைக்கும் ஒரு சைகை இருக்கும். அம்மாவுக்குத் தெரியும்.

சாப்பாட்டில்தான் அதிகக் கவனம் வேண்டும். நம் ஊரில் களியை மெல்லாமல் உருண்டையாக விழுங்குவதுதான் பழக்கம். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்கு அது தொண்டையில் அடைத்துக்கொள்ளும். அதற்காக நீர்த்த கூழும் கொடுக்காதீர்கள். நாக்கு அதைத் தாங்கிப் பிடிக்கும் முன்பே மூச்சுக்குழாய்க்குள் ஓடிவிடும். கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாமல் மெல்ல நழுவி விழுகிற பதம் பல பிள்ளைகளுக்குச் சரிப்படும். தெரபிஸ்ட் வேறு பதம் சொல்லியிருந்தால் அதுதான். தலையை அண்ணாத்தி ஊட்டக் கூடாது. நிமிர்த்தி உட்காரவைத்து, முகவாய் கொஞ்சம் தாழ்ந்திருக்க, அரைக் கரண்டியாக ஊட்டுங்கள். ஊட்டிய வாயை விழுங்கிய பிறகே அடுத்த வாய். முடிந்ததும் 30 நிமிடம் படுக்கவிடாதீர்கள். சாப்பிட்ட பின் குரல் ஈரமாகக் கரகரத்தாலோ, அடிக்கடி சளியும் காய்ச்சலும் வந்தாலோ உணவு நுரையீரலுக்குப் போகிறதா என்று டாக்டரிடம் காட்ட வேண்டும்.

வலிப்பு மருந்தில் வரும் தவறுகள் பெரும்பாலும் அளவுத் தவறுகள். சிரப்பை வீட்டுக் கரண்டியில் அளக்காதீர்கள். ஊசியில்லாத 5 மி.லி. சிரிஞ்சில் எடுங்கள். பாட்டில் மாறினால் 5 மி.லி.யில் எத்தனை மி.கி. என்று லேபிளைப் பாருங்கள். நீண்டநேரம் வேலை செய்யும் மாத்திரையைப் பொடிக்கக் கூடாது. ஊர்த் திருவிழாவுக்குப் போய்வந்த பிள்ளையின் மாத்திரைகளை அன்றே எண்ணுங்கள். விட்டுப்போன மாத்திரையும் கெட்ட தூக்கமும் சேர்ந்தால் அன்றிரவே வலிப்பு வரலாம்.

வலிப்பு வந்தால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே மடித்த துணி வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். கையில் சாவி கொடுத்தால் வலிப்பு நிற்காது. 5 நிமிடம் தாண்டினாலோ, தெளியும் முன் மறுபடி வந்தாலோ 108. டாக்டர் எழுதிக் கொடுத்த மூக்கு ஸ்ப்ரே இருந்தால் அவர் சொன்னபடி உடனே. நின்ற பிறகும் பிள்ளை தெளியும் வரை பக்கத்திலேயே இருங்கள். அறையில் நீல பல்பு வேண்டாம்: அந்த வெளிச்சத்தில் உதடு நீலமாவது தெரியாது. மங்கலான மஞ்சள் போதும்.

படுக்கையை இரண்டு அடுக்காக விரியுங்கள்: மெத்தை, ரப்பர் ஷீட், பருத்தி விரிப்பு, அதன்மேல் மறுபடி ரப்பர் ஷீட், பருத்தி விரிப்பு. 2 மணிக்கு நனைந்தால் மேல் அடுக்கை உருவினால் போதும். மார்கழிக் குளிரில் பிள்ளை நடுங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். நனைக்கிறது என்று பகலில் தண்ணீரைக் குறைக்காதீர்கள். மலம் இறுகி மூத்திரப் பையை அழுத்தும், நனைப்பது கூடும். பகலில் நிறையக் கொடுத்து, படுக்கும் முன் 2 மணி நேரம் மட்டும் குறையுங்கள். தானாகப் புரள முடியாத பிள்ளையை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்து, இடுப்பு, குதிகால், கணுக்கால் தோல் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பெண் பிள்ளைகளுக்குப் பெண் ஊழியர்தான் உடை மாற்ற வேண்டும். முடிந்தவரை இரண்டாவது ஆள் கூப்பிடு தூரத்தில் இருக்கட்டும். இதுவரை பயப்படாத ஒருவரைக் கண்டு பிள்ளை திடீரென்று பயந்தால், விளக்கமில்லாத காயம் தெரிந்தால், மூடி மறைக்காதீர்கள்: குழந்தைகள் உதவி எண் 1098. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012 படி, அப்படிப்பட்ட குற்றம் பற்றிச் சந்தேகம் இருந்தாலே தெரிவித்தாக வேண்டும்.

ஓடிவிடும் பிள்ளை என்று யாரையும் கட்டிப்போடாதீர்கள், கதவை வெளியிலிருந்து பூட்டாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கிடந்த 28 பேர் தீயில் மாண்டார்கள். கதவில் மணி கட்டி, ஒருவர் விழித்திருந்தால் போதும். சாவி அவர் இடுப்பில் இருக்கட்டும்.

காலை டீச்சரிடம் சொல்ல வேண்டியவற்றில் தூங்கிய நேரத்தை முதலில் சொல்லுங்கள். விடியற்காலை 3 மணிக்கு மேல் கண் மூடாத பிள்ளையைக் காலை வகுப்பில் கட்டாயப்படுத்தி உட்காரவைக்கக் கூடாது.