பழைய மடிக்கணினியில் ஒரு வீட்டுச் சர்வர்: புகைப்படங்களிலிருந்து தொடங்குவோம்

2021 ஜூன் 1ஆம் தேதி முதல் கூகுள் ஃபோட்டோஸ் அளவற்ற இலவசச் சேமிப்பை நிறுத்திக்கொண்டது. மின்னஞ்சல், கோப்புகள், படங்கள் ஆகிய மூன்றும் 15 ஜிபிக்குள் அடங்க வேண்டும் என்றானபின், மாதச் சந்தா கட்டுவதற்குப் பதிலாகப் படங்களை வீட்டிலேயே வைத்துக்கொள்ள முடியாதா என்று பலர் யோசிக்கத் தொடங்கினர். முடியும். அன்றாடம் பயன்படுத்தும் ஓர் இணையச் சேவையை நமக்குச் சொந்தமான கணினியில் நாமே நிறுவி நடத்துவதைத்தான் செல்ஃப் ஹோஸ்டிங் என்கிறார்கள். பழைய மடிக்கணினி ஒன்றில் இம்மிச் என்ற திறமூலப் புகைப்படச் சேவையை நிறுவி, அதை நம்பிப் படங்களை ஒப்படைக்கும் நிலைக்குக் கொண்டுவருவது வரை இங்கே விளக்குகிறேன்.

முதலில் ஒரே ஒரு சேவையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். படங்களுக்கு இம்மிச், திரைப்படங்களுக்கு ஜெல்லிஃபின், கோப்புகளுக்கு நெக்ஸ்ட்கிளவுட், விளம்பரத் தடுப்புக்குப் பை-ஹோல் என ஒரே வார இறுதியில் எல்லாவற்றையும் நிறுவியவர்களுக்கு, அடுத்த மாதம் ஏதோ ஒன்று பழுதாகும்போது எங்கிருந்து தேடுவது என்றே தெரிவதில்லை. குறிப்பாகப் பை-ஹோலை முதல் முயற்சியாக வைத்துக்கொள்ள வேண்டாம். வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் இணைய முகவரிகளை அதனிடம்தான் கேட்டறியும் என்பதால், நீங்கள் சர்வரை அணைத்துவைத்துப் பழகும் வேளையில் வீட்டார் அனைவருக்கும் இணையம் நின்றுபோகும். இம்மிச் நின்றால் யாருக்கும் உடனடி இழப்பில்லை. கைபேசியில் படங்கள் அப்படியே இருக்கும்.

8 ஜிபி நினைவகமும் எஸ்எஸ்டியும் உள்ள மடிக்கணினி இதற்குப் போதும். திரை உடைந்திருந்தாலும், நிறுவும் நாளில் மட்டும் தொலைக்காட்சியோடு இணைத்துச் சமாளிக்கலாம். ராஸ்பெரி பை என்ற சிறு கணினியை விட இதையே நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் பேட்டரி. மின்சாரம் திடீரென்று போகும்போது படங்களின் விவரங்களை வைத்திருக்கும் தரவுத்தளம் பாதி எழுதிய நிலையில் சிதையாமல் அது காக்கும். ஆனால் ஆண்டு முழுவதும் சார்ஜரிலேயே கிடக்கும் பேட்டரி உப்பக்கூடும். சார்ஜ் அளவை 80 விழுக்காட்டோடு நிறுத்தும் வசதி பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரையில்) இருந்தால் அதை இயக்கிவிடுங்கள், ஏற்கெனவே உப்பியிருந்தால் கழற்றிவிடுங்கள். மின்செலவு அச்சப்படும் அளவுக்கு இல்லை: சராசரியாக 15 வாட் எடுக்கும் கணினி நாள் முழுவதும் ஓடினால் மாதம் சுமார் 11 யூனிட், தமிழ்நாட்டின் இருமாதக் கணக்கில் 22 யூனிட் ஆகும்.

இயங்குதளமாக, லினக்ஸ் வகையைச் சேர்ந்த டெபியனைத் தேர்ந்தெடுங்கள். அதன் நிறுவல் கோப்பை யுஎஸ்பியில் எழுதி, நிறுவும்போது வரும் மென்பொருள் பட்டியலில் டெஸ்க்டாப்பை நீக்கிவிட்டு தொலைவிலிருந்து கட்டளையிட உதவும் எஸ்எஸ்எச் சர்வரை மட்டும் தேர்வு செய்தால், பின்னர் வேறொரு கணினியிலிருந்தே எல்லா வேலைகளையும் செய்யலாம். நிறுவி முடித்தவுடன் இரண்டு திருத்தங்கள் தேவை. மூடியைச் சாத்தினால் மடிக்கணினி உறங்கிவிடும் என்பதால், சிஸ்டம்டி லாகின் அமைப்புக் கோப்பில் மூடிக்குரிய வரியை ‘இக்னோர்’ என்று மாற்ற வேண்டும். அடுத்ததாக, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இந்தக் கணினிக்கு நிலையான உள்முகவரி ஒன்றை, எடுத்துக்காட்டாக 192.168.1.50 என்பதை, ஒதுக்கிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் என்றோ ஒருநாள் முகவரி மாறி, சர்வர் காணாமல் போனது போல் தோன்றும். வைஃபையை நம்பாமல் கேபிளால் இணைப்பது நல்லது.

இனி டாக்கர். ஒரு சேவைக்கு வேண்டிய நிரல்களையெல்லாம் ஒரு பெட்டிக்குள் அடைத்து, மற்றவற்றோடு மோதாமல் இயக்கும் ஏற்பாடு அது. அதன் அதிகாரப்பூர்வக் களஞ்சியத்திலிருந்து நிறுவியபின், இம்மிச் ஆவணப் பக்கம் தரும் இரண்டு சிறு கோப்புகளை ஒரு கோப்புறையில் இறக்கிக்கொள்ளுங்கள். எந்தெந்தப் பெட்டிகள் ஓட வேண்டும் என்று முதல் கோப்பு சொல்கிறது. அதைத் தொட வேண்டியதில்லை. இரண்டாவதில், படங்கள் சேர வேண்டிய இடத்தையும் தரவுத்தளக் கடவுச்சொல்லையும் உங்களுக்கு ஏற்ப மாற்றுங்கள். கடவுச்சொல்லில் ஆங்கில எழுத்துகளும் எண்களும் மட்டும் இருக்கட்டும், சிறப்புக் குறிகள் சிக்கல் தரும். ‘டாக்கர் கம்போஸ் அப்’ கட்டளையைக் கொடுத்துவிட்டு, உலாவியில் சர்வரின் முகவரியோடு 2283 என்ற போர்ட் எண்ணை, அதாவது அச்சேவையின் வாசல் எண்ணை, சேர்த்தால் வரவேற்புப் பக்கம் திறக்கும். முதலில் பதிவுசெய்யும் கணக்கே நிர்வாகிக் கணக்காகும்.

படங்களை ஏற்றுவதற்கு முன் நிர்வாக அமைப்புகளில் ‘ஸ்டோரேஜ் டெம்ப்ளேட்’ என்பதை இயக்கிவிடுங்கள். அது இயங்காவிட்டால் இம்மிச் ஒவ்வொரு படத்தையும் பொருளற்ற நீண்ட குறியீட்டுப் பெயரில் சேமிக்கும். இயக்கினால் ஆண்டு, தேதி வாரியான கோப்புறைகளில் பழைய பெயரோடு வைக்கும். இதன் அருமை பின்னால் தெரியும். பிறகு கைபேசியில் செயலியை நிறுவி, ஓர் ஆல்பத்தை மட்டும் முதலில் ஏற்றிப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் இச்செயலிக்குப் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்க வேண்டும். ஐஃபோனில் பின்னணிப் பதிவேற்றம் மெதுவாகவே நடக்கும் என்பதால், முதல் முறை செயலியைத் திறந்தே வைத்திருங்கள். சிறுபடங்கள் தயாரிப்பதற்கும் முகங்களை அடையாளம் காண்பதற்கும் பழைய கணினி ஓரிரு நாள்கூட எடுத்துக்கொள்ளும். விசிறி இரைவதைக் கேட்டுப் பதற வேண்டாம்.

சர்வரில் இருப்பதாலேயே படங்கள் பாதுகாப்பாகிவிடாது. மூன்று பிரதிகள், இரு வேறு ஊடகங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே என்ற பழைய 3-2-1 கணக்கு இங்கும் பொருந்தும். தொடக்கத்தில் ஒரு வெளி வன்தட்டு, கோப்புகளைப் பிரதியெடுக்கும் ஆர்சிங்க் கட்டளை, வாரம் ஒருமுறை நகல் என்ற அளவில் தொடங்கி, இரண்டாவது வன்தட்டை உறவினர் வீட்டில் வைத்து அவ்வப்போது மாற்றிக்கொள்ளலாம். நகலெடுக்க வேண்டியது படங்களை மட்டுமன்று. ஆல்பங்கள், முகங்களுக்கு இட்ட பெயர்கள், விருப்பக் குறிகள் எல்லாம் தரவுத்தளத்தில்தான் இருக்கின்றன. அதன் நகலை இம்மிச் இரவுதோறும் தன் பதிவேற்றக் கோப்புறைக்குள் ‘பேக்கப்ஸ்’ என்ற பெயரில் வைக்கிறது. நான் முதன்முதலில் படங்கள் இருந்த உள்கோப்புறையை மட்டும் பிரதியெடுத்துவந்தேன். எஸ்எஸ்டி ஒருநாள் செத்துப்போனபோது படங்கள் அனைத்தும் திரும்பின. இரண்டு மாதம் உட்கார்ந்து பெயரிட்ட முகங்கள் திரும்பவில்லை. ஆகவே முழுக் கோப்புறையையும் எடுங்கள், அதை வேறொரு கணினியில் ஒருமுறை மீட்டெடுத்துப் பாருங்கள். அதுவரை கைபேசியிலிருந்தோ கூகுளிலிருந்தோ ஒரு படத்தையும் அழிக்காதீர்கள்.

வெளியூரிலிருந்து படங்களைப் பார்ப்பதற்காக ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் செய்து சேவையை உலகுக்குத் திறந்துவிடுவது தொடக்கநிலையாளருக்கு உகந்ததன்று. டாக்கர் திறக்கும் போர்ட்டுகள் யுஎஃப்டபிள்யூ தடுப்புச்சுவரின் விதிகளைத் தாண்டிச் செல்லும் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. மேலும், பல வீட்டு இணைப்புகளுக்குப் பொதுமுகவரியே கிடைப்பதில்லை: ரவுட்டர் காட்டும் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்களில் தொடங்கினால், உங்கள் முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று பொருள். அங்கே போர்ட்டைத் திறந்தும் பயனில்லை. டெய்ல்ஸ்கேல் இவ்விரு சிக்கல்களுக்கும் விடையளிக்கிறது. வயர்கார்டு என்ற பாதுகாப்பான இணைப்பு நெறிமுறையில் இயங்கும் அதைச் சர்வரிலும் கைபேசியிலும் நிறுவி ஒரே கணக்கில் நுழைந்தால், நீங்கள் எங்கிருந்தாலும் இரு கருவிகளும் தனிப்பட்ட ஒரு வலையமைப்பில் சேர்ந்துவிடும். அந்தக் கணக்கு ஒரு நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு நாமே நடத்தக்கூடிய ஹெட்ஸ்கேல் என்ற மாற்று உண்டு. ஆனால் அது முதல் மாத வேலையன்று.

டெபியனின் பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாகவே நிறுவப்படும்படி அமைத்துவிடலாம். இம்மிச்சை அப்படி விடக்கூடாது. வெளியீட்டுக் குறிப்பைப் படித்து, நகலெடுத்த பிறகே புதிய பதிப்புக்கு மாறுங்கள்.

கடைசியாக, சர்வரின் முகவரி, கடவுச்சொற்கள், அதை முறையாக அணைக்கும் வழி ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வீட்டில் இன்னொருவரிடம் காட்டிவையுங்கள். வெளி வன்தட்டை விண்டோஸும் லினக்ஸும் படிக்கும் எக்ஸ்ஃபேட் வடிவில் அமைத்து, மறைகுறியாக்கம் இல்லாத எளிய நகலாக வைக்கச் சொல்வதும் அதற்காகவே. திருடு போனால் படங்களை யாரும் பார்க்க முடியும் என்ற குறை அதில் உண்டுதான். ஆனால் நீங்கள் இல்லாத ஒரு நாளில், லினக்ஸைப் பற்றி எதுவும் அறியாத உங்கள் தங்கை அந்த வன்தட்டைத் தன் விண்டோஸ் கணினியில் செருகி, 2019 என்ற கோப்புறையைத் திறந்து, அம்மாவின் படத்தை எடுத்துக்கொள்வார்.