சேலம் 0427, ஏற்காடு 04281: பழைய தொலைபேசி எண்ணைப் படித்து அழைக்கும் முறை

சேலம் கடைவீதிகளில் வண்ணம் உதிர்ந்த பெயர்ப்பலகைகளிலும், பழைய ரசீதுப் புத்தகங்களிலும், ஏற்காட்டு எஸ்டேட்டுகளின் கடிதத் தாள்களிலும் ஐந்து அல்லது ஆறு இலக்கத் தொலைபேசி எண்கள் இன்றும் கண்ணில் படுகின்றன. அவற்றைக் கைபேசியில் அப்படியே அழுத்தினால் அழைப்பு போகாது. ஆனாலும் அந்த இணைப்பு துண்டிக்கப்பட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். எண்ணை இன்றைய வடிவத்துக்கு மாற்றத் தெரிந்தால், மறுமுனையில் மணி அடிக்க வாய்ப்புண்டு.

முதலில் மனத்தில் கொள்ள வேண்டிய கணக்கு பத்து. தொடக்கத்து 0-வை விட்டுவிட்டு, எஸ்.டி.டி. கோட்டின், அதாவது வெளியூரை நேரடியாக அழைப்பதற்கான ஊர்க் குறியீட்டின், இலக்கங்களையும் தொலைபேசி எண்ணின் இலக்கங்களையும் கூட்டினால் பத்து வர வேண்டும். சென்னையின் கோடு 44 என்ற இரண்டு இலக்கம், எண் எட்டு இலக்கம். சேலத்துக்கு 427 என்ற மூன்று, எண் ஏழு. ஏற்காட்டுக்கு 4281 என்ற நான்கு, எண் ஆறு. கோடு குறுகக் குறுக, எண்ணுக்குக் கிடைக்கும் இடம் பத்து மடங்காகப் பெருகும். பெரிய ஊருக்குக் குறுகிய கோடு கிடைத்த காரணம் இதுதான். 2-இல் தொடங்கும் ஆறு இலக்க எண்கள் மட்டுமே ஒரு லட்சம் இருக்க முடியும். ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலைக்கு அது தாராளம்.

பலகையில் உள்ள எண் கணக்குக்கு ஓர் இலக்கம் குறைந்தால், முன்னால் 2 சேர்த்துப் பாருங்கள். 2000-களின் தொடக்கத்தில் பி.எஸ்.என்.எல். தன் தரைவழி எண்களின் முன்னால் 2-ஐச் சேர்த்தது. அதனால் சேலத்தின் ஆறு இலக்கம் ஏழாகவும், ஏற்காட்டின் ஐந்து இலக்கம் ஆறாகவும் ஆயின. தனியார் தொலைபேசி நிறுவனங்கள் தந்த எண்கள் வேறு இலக்கங்களில் தொடங்கும் என்பதால் இந்த உபாயம் அவற்றுக்குப் பொருந்தாது. சில அட்டைகளில் 95427 என்று தொடங்கும் எண் இருக்கும். அருகிலுள்ள ஊர்களை 0-க்குப் பதிலாக 95 சேர்த்து அழைத்த ஒரு காலம் இருந்தது. அந்த 95-ஐ எடுத்துவிட்டு 0 போட்டால் போதும்.

எண் மட்டும் இருந்து ஊர் தெரியாதபோது, கோட்டை இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். இந்தியாவில் 1960-இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே முதன்முதலாக எஸ்.டி.டி. வந்தது. அதுவரை ஆபரேட்டர் இணைத்துத் தரும் டிரங்க் கால் என்ற வெளியூர் அழைப்பைப் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்த சந்தாதாரர், வெளியூர் எண்ணைத் தாமே சுழற்ற முடிந்தது. ஆபரேட்டர் செய்துவந்த வேலையை இயந்திரம் செய்ய வேண்டுமானால், ஒவ்வோர் இலக்கமும் அழைப்பை இன்னும் சிறிய வட்டாரத்துக்குள் செலுத்த வேண்டும். 0 என்பது வெளியூர் அழைப்பு என்பதற்கான அடையாளம். அடுத்து வரும் 4 பெரும்பாலும் தமிழ்நாட்டையும் கேரளத்தையும் குறிக்கும். ஆனால் 040 ஐதராபாத்தாக இருப்பதால் இங்கே பலர் தவறிவிடுகிறார்கள். 041-இல் புதுச்சேரி, வேலூர், கடலூர்ப் பகுதிகளும், 043-இல் திருச்சி, தஞ்சைப் பகுதிகளும், 045-இல் மதுரை, ராமநாதபுரப் பகுதிகளும், 046-இல் நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பகுதிகளும் அடங்கும். 047 முதல் 049 வரை கேரளம்.

நமக்குரியது 042. இதில் அடுத்த இலக்கம் 1 என்றால் திருப்பூர், 2 என்றால் கோவை, 3 என்றால் உதகை, 4 என்றால் ஈரோடு, 7 என்றால் சேலம். கோடு அத்துடன் முடிந்துவிடும். அந்த இலக்கம் 5, 6, 8, 9 ஆகியவற்றில் ஒன்றானால், கோட்டில் இன்னும் ஓர் இலக்கம் பாக்கி இருக்கிறது என்று பொருள். 04281 ஏற்காடு, 04282 ஆத்தூர், 04283 சங்ககிரி, 04290 ஓமலூர், 04292 வாழப்பாடி, 04298 மேட்டூர். எடப்பாடிக்குத் தனிக் கோடு இல்லை. அது சங்ககிரியின் 04283-இல் சேர்ந்தது. இந்த ஓர் இலக்கத்தைக் கவனிக்காமல், 0428 வரை கோடு என்றும் மீதி எண் என்றும் பிரித்து எழுதுவதே இந்த வட்டாரத்தில் அதிகம் காணும் பிழை.

மாவட்ட எல்லையை வைத்துக் கோட்டை ஊகிப்பதும் ஆபத்து. 1997-இல் நாமக்கல் தனி மாவட்டமானது. ஆயினும் நாமக்கல் 04286, ராசிபுரம் 04287, திருச்செங்கோடு 04288 என மூன்றும் ஏற்காடு, ஆத்தூரோடு ஒரே வரிசையில்தான் நிற்கின்றன. மாறாக, 1965 வரை சேலம் மாவட்டத்தில் இருந்த தருமபுரி, தொப்பூர்க் கணவாயைத் தாண்டியதும் 04342 என்று திருச்சி வரிசைக்குப் போய்விடுகிறது; கிருஷ்ணகிரி 04343, ஓசூர் 04344. கோடு கலெக்டர் அலுவலகத்தைப் பார்ப்பதில்லை. தொலைபேசி நிலையங்களைக் குறுந்தொலைவு வட்டாரங்களாகத் தொகுத்த முறையையே பார்க்கிறது. அந்த வட்டாரங்கள் பல இடங்களில் தாலுகாவை ஒட்டியே அமைந்தன என்பதால், மாவட்டத்தை விடத் தாலுகாவை வைத்து ஊகிப்பது மேல்.

இனி அழைக்கும் முறை. கைபேசியிலிருந்து சேலத்துத் தரைவழி எண்ணை அழைக்க, நீங்கள் அதே தெருவில் நின்றாலும், 0427-உடன் ஏழு இலக்கத்தையும் அழுத்த வேண்டும். சேலத்துத் தரைவழித் தொலைபேசியிலிருந்து சேலத்துக்கே பேசக் கோடு தேவையில்லை. ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வந்துவிடும் ஏற்காட்டுக்கு 04281 வேண்டும். 2021 ஜனவரி 15 முதல் தரைவழித் தொலைபேசியிலிருந்து கைபேசியை அழைக்கும்போதும் முன்னால் 0 சேர்க்க வேண்டியிருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் இன்னும் மறந்துபோவது இதைத்தான். உள்ளூர்த் தரைவழி அழைப்புக்கும் 0-வையும் கோட்டையும் சேர்த்தே அழுத்தும் முறையைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2025 பிப்ரவரியில் பரிந்துரைத்திருக்கிறது. ஆகவே புதிதாகப் பெயர்ப்பலகை எழுதுவோர் கோட்டை விடாமல் எழுதிவிடுவது நல்லது.

வெளிநாட்டிலிருந்து அழைப்போர் 0-வை நீக்கிவிட்டு, +91-ஐ அடுத்து 427 அல்லது 4281 என்று தொடங்க வேண்டும். கைபேசியிலும் இந்த வடிவத்திலேயே சேமித்துக்கொண்டால், சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பும்போது எதையும் மாற்ற வேண்டியிராது.