பக்கத்தையே தேடலிலிருந்து தூக்கிவிடும் மெட்டா டேக் தவறுகள்

பக்கத்தின் நிரலில் தேடுபொறிகளுக்காக எழுதும் குறிப்பான மெட்டா டேக்கை நன்றாக எழுதினால் கூகுளில் முதலிடம் வந்துவிடும் என்ற நம்பிக்கை இன்னும் பலரிடம் இருக்கிறது. ஒரு பக்கத்தை மேலே ஏற்றும் வலு மெட்டா டேக்குக்கு மிகக் குறைவு. அதே பக்கத்தைத் தேடலிலிருந்து அடியோடு தூக்கிவிடும் வலு மட்டும் நிறையவே உண்டு. அதனால் புதிதாக எதையும் சேர்க்கும் முன், ஏற்கெனவே இருப்பதில் எது தப்பாகக் கிடக்கிறது என்று பார்ப்பதே முதல் வேலை.

பக்கத்தின் முக்கியச் சொற்களைப் பட்டியலிடும் கீவேர்ட்ஸ் டேக்கைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டது. ‘பக்கத்தைத் தேடலில் சேர், இணைப்புகளைப் பின்தொடர்’ என்று பொருள்படும் ‘இண்டெக்ஸ், ஃபாலோ’வை எழுதுவதும் தேவையில்லை, எழுதாவிட்டாலும் அதுதான் இயல்பு நிலை. இவற்றால் கெடுதல் ஒன்றுமில்லை, நேரம்தான் வீண்.

நோஇண்டெக்ஸ்

பெரிய சேதம் பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. தளத்தைக் கட்டும்போது தேடுபொறிகள் உள்ளே வர வேண்டாம் என்று தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸின் செட்டிங்ஸில் ரீடிங் பக்கத்தில் ஒரு டிக் போடுவார்கள். தளம் வெளியான பிறகு அதை எடுக்க மறந்துவிடுவார்கள். வேர்ட்பிரஸ் 5.3 முதல் அந்த டிக் எல்லாப் பக்கங்களிலும் ‘இதைத் தேடலில் சேர்க்காதே’ என்னும் நோஇண்டெக்ஸ் டேக்கைப் போடுகிறது. வாசகர்களுக்குத் தளம் வழக்கம்போலத் திறப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. கூகுள் வழியாக ஆள் வருவது மட்டும் மெல்ல நின்றுபோகும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. ஒரு பக்கம் தேடலில் வரவே கூடாது என்று நோஇண்டெக்ஸ் போட்டுவிட்டு, கூடுதல் பாதுகாப்பு என்று நினைத்து தேடுபொறிகள் எங்கே நுழையலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ்.டெக்ஸ்ட் கோப்பிலும் அந்த முகவரியைத் தடுப்பார்கள். வாசலைப் பூட்டிவிட்டு உள்சுவரில் அறிவிப்பு ஒட்டுவது போன்றது இது. கூகுளுக்காகப் பக்கங்களைப் படிக்கும் கூகுள்பாட், பக்கத்தைத் திறக்கவே முடியாததால் நோஇண்டெக்ஸ் அதன் கண்ணில் படாது. வேறு தளங்கள் அந்தப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்திருந்தால், முகவரி மட்டும் தேடலில் வந்து நிற்கும். மறைக்க வேண்டிய பக்கத்தை ரோபோட்ஸ்.டெக்ஸ்டில் திறந்துவிட்டு, நோஇண்டெக்ஸ் மட்டும் வைக்க வேண்டும். ரோபோட்ஸ்.டெக்ஸ்டுக்குள்ளேயே நோஇண்டெக்ஸ் எழுதும் பழைய வழியையும் கூகுள் 2019 செப்டம்பர் 1 முதல் ஏற்பதில்லை. பிடிஎஃப் கோப்புகளில் மெட்டா டேக் வைக்க இடமில்லை என்பதால், அவற்றுக்கு சர்வரிலிருந்து கோப்போடு சேர்ந்து போகும் எக்ஸ்-ரோபோட்ஸ்-டேக் என்ற ஹெடர் குறிப்பை அனுப்ப வேண்டும்.

முதலில் நோஇண்டெக்ஸ் வைத்து, பிறகு ஜாவாஸ்கிரிப்ட்டால் அதை நீக்கலாம் என்று எண்ண வேண்டாம். மூல எச்டிஎம்எல்லில் நோஇண்டெக்ஸைப் பார்த்தவுடன் கூகுள் ஜாவாஸ்கிரிப்ட்டை இயக்கும் வேலையையே விட்டுவிடலாம். தேடலுக்காகத் தளத்தைச் சீராக்கும் எஸ்இஓ பிளகின்கள் இரண்டு ஒரே தளத்தில் ஓடினால், நோஇண்டெக்ஸ் போன்றவை எழுதப்படும் ரோபோட்ஸ் டேக் இரண்டு வந்துவிடும். இரண்டும் முரண்பட்டால் எது அதிகம் கட்டுப்படுத்துகிறதோ அதையே கூகுள் எடுத்துக்கொள்ளும்.

பாதியில் உடையும் ஹெட்

பக்கத்தின் நிரலில் மேலே, வாசகருக்குத் தெரியாத குறிப்புகள் இருக்கும் ஹெட் பகுதிக்குள் டைட்டில், மெட்டா, லிங்க், ஸ்கிரிப்ட், ஸ்டைல் போன்ற சிலவற்றுக்குத்தான் இடம். ஒரு டிவ், படம் அல்லது ஐஃப்ரேம் உள்ளே புகுந்தால், ஹெட் அங்கேயே முடிந்துவிட்டதாக நிரலைப் படிக்கும் பார்சர் கொள்ளும். அதற்குக் கீழே நீங்கள் எழுதிய அனைத்தும் வாசகருக்குத் தெரியும் உள்ளடக்கம் இருக்கும் பாடிக்குப் போய்விடும். ‘இதன் மூல முகவரி இது’ என்று காட்டும் கேனானிக்கல் டேக் பாடியில் கிடந்தால் அதை கூகுள் மதிப்பதில்லை. விளம்பரக் கண்காணிப்புக்குத் தரப்படும் நோஸ்கிரிப்ட் (ஜாவாஸ்கிரிப்ட் ஓடாதபோது பயன்படும்) துண்டுகளை ஹெட்டில் ஒட்டுவதால்தான் இது அதிகம் நேர்கிறது, அவற்றுக்குள் ஒரு படமோ ஐஃப்ரேமோ இருக்கும். அந்தத் துண்டுகளை பாடி தொடங்கியதும் வையுங்கள். எழுத்துக் குறியாக்கத்தைச் சொல்லும் சார்செட், டைட்டில், ரோபோட்ஸ், கேனானிக்கல் ஆகியவை எல்லா ஸ்கிரிப்ட்டுகளுக்கும் மேலே இருக்கட்டும். சார்செட் முதல் 1024 பைட்டுக்குள் வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் சில சூழல்களில் தமிழ் எழுத்துகள் குப்பையாகத் தெரியும்.

மேற்கோள் குறிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். வேர்ட் கோப்பிலிருந்து டேக்கை நகல் எடுத்தால், நேர் மேற்கோள் வளைந்த மேற்கோளாக மாறியிருக்கும். வளைந்த குறி மதிப்பின் ஒரு பகுதியாகவே படிக்கப்படுவதால், ‘ரோபோட்ஸ்’ என்ற பெயரே பொருந்தாமல் போய் டேக் செத்துவிடும். தேடல் முடிவில் தலைப்புக்குக் கீழே வரும் சுருக்கமான டிஸ்கிரிப்ஷனுக்குள் நேர் இரட்டை மேற்கோள் வந்தால், வாசகம் அந்த இடத்தோடு முடிந்துவிடும்.

தமிழில் மட்டும் வரும் சிக்கல்

ஆங்கிலத் தளங்களுக்குச் சொல்லப்படும் ‘தலைப்பு 60 எழுத்து, டிஸ்கிரிப்ஷன் 160 எழுத்து’ கணக்கைத் தமிழுக்கு அப்படியே எடுக்கக் கூடாது. கூகுள் எழுத்தை எண்ணி வெட்டுவதில்லை, திரையில் எவ்வளவு அகலம் கொள்கிறதோ அதை வைத்தே வெட்டுகிறது. ணை, ஞா, ஔ போன்றவை அதிக இடம் பிடிப்பவை. தலைப்பின் முதல் நான்கைந்து சொற்களுக்குள் விஷயம் வந்துவிட வேண்டும், தளத்தின் பெயர் கடைசியில் இருக்கட்டும்.

இதைவிட மோசம், கட்டுரையின் முதல் பத்தியை நிரலே வெட்டி டிஸ்கிரிப்ஷனாகப் போடுவது. ‘தமிழ்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 15 பைட். பிஎச்பி நிரல்மொழியில் வாசகத்தை வெட்டும் சப்ஸ்டர் என்ற கட்டளை பைட்டை எண்ணும். இடைவெளி கலக்காத தமிழ் வாசகத்தை 160 பைட்டில் வெட்டினால் 53 குறியீடுகள் போக ஒரு பைட் மிஞ்சி, கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறியாக நிற்கும். பிஎச்பி 8.1க்கு முந்தைய பதிப்புகளில் அந்த வெட்டுப்பட்ட வாசகத்தை மேற்கோள் போன்ற குறிகளைப் பாதுகாப்பாக மாற்றும் எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸுக்குக் கொடுத்தால், கூடுதல் அமைப்பு எதுவும் தராதபோது வெற்று வாசகமே திரும்பி வரும். டிஸ்கிரிப்ஷன் ஏன் காலியாக இருக்கிறது என்று தேடித் தேடிக் களைத்துப்போவார்கள். குறியீடுகளை எண்ணும் எம்பி_சப்ஸ்டர் இதைத் தீர்த்தாலும் ‘தமிழ்’ என்பதைப் புள்ளியில்லாமல் ‘தமிழ’ என்று வெட்டக்கூடும். பிஎச்பியின் intl நீட்சியில் உள்ள கிராஃபீம்_சப்ஸ்டர்தான் நாம் எண்ணுவதுபோல் மூன்றாக எண்ணும். அதிலும் கடைசி இடைவெளி வரை பின்வாங்கி வெட்டினால் சொல் முழுசாக நிற்கும்.

முக்கியப் பக்கங்களுக்காவது டிஸ்கிரிப்ஷனைக் கையால் எழுதுவதே நல்லது. அது தரவரிசையை மாற்றாது, ஆனால் இணைப்பைத் தொடலாமா என்று வாசகர் முடிவெடுப்பது அதைப் படித்துத்தான். எல்லாப் பக்கங்களிலும் ஒரே வாசகத்தைப் போட்டாலோ, அது பக்கத்தின் உள்ளடக்கத்தோடு ஒட்டாமல் இருந்தாலோ, கூகுள் அதை ஒதுக்கிவிட்டுப் பக்கத்திலிருந்தே ஒரு துண்டை எடுத்துக்கொள்ளும்.

கேனானிக்கல்

டெம்ப்ளேட்டில் முகப்புப் பக்கத்தின் முகவரியை நேரடியாக எழுதிவிட்டு, எல்லாக் கட்டுரைகளும் அதையே சுட்டும்படி விட்டுவிடுவது கொடுமையான தவறு. கட்டுரைகள் எல்லாம் முகப்பின் நகல் என்று நாமே சொல்வதாகிவிடும். கேனானிக்கல் ஒரு குறிப்புதான் என்பதால் கூகுள் சில நேரம் அதை மீறி நம்மைக் காப்பாற்றும், அதை நம்பி இருக்க முடியாது. வரிசைப் பக்கங்களில் இரண்டாம், மூன்றாம் பக்கங்கள் முதல் பக்கத்தைச் சுட்டக் கூடாது, ஒவ்வொன்றும் தன்னையே சுட்ட வேண்டும். முகவரியை எச்டிடிபிஎஸ்ஸிலிருந்து முழுமையாக எழுதுங்கள்.

திருத்தியதும் பிரவுசரில் மூலத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். தள உரிமையாளர்களுக்கான கூகுளின் கருவியான சர்ச் கன்சோலின் யூஆர்எல் இன்ஸ்பெக்ஷனில் லைவ் டெஸ்ட் ஓட்டி, கூகுள் பார்த்த எச்டிஎம்எல்லைத் திறந்து, ஹெட் எங்கே முடிகிறது, கேனானிக்கல் அதற்குள் இருக்கிறதா, நோஇண்டெக்ஸ் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடுங்கள். சரியாக இருந்தால் அங்கேயே ரிக்வெஸ்ட் இண்டெக்ஸிங்கை அழுத்துங்கள். பேஸ்புக்கில் பகிரும்போது பழைய படமும் தலைப்பும் வந்தால், பகிர்வுக்கான தலைப்பையும் படத்தையும் சொல்லும் ஓஜி டேக்குகளை மறுபடி மாற்றிக்கொண்டிருக்காமல், அதன் ஷேரிங் டீபக்கரில் முகவரியைக் கொடுத்து ஸ்க்ரேப் அகெய்ன் அழுத்தினால் போதும்.