வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து: ஊராட்சித் தலைவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2006 முதல் 2016 வரை, புதுக்கோட்டைப் பக்கம் ஒரு சிறிய ஊராட்சிக்கு இரண்டு முறை தலைவராக இருந்தேன். 2,400 பேர், நான்கு குக்கிராமங்கள், ஒன்பது வார்டுகள். தமிழ்நாட்டில் உள்ள பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளில் பெரும்பாலானவை ஏறக்குறைய இந்த அளவில்தான் இருக்கும்.

2020 ஜனவரி 6ஆம் தேதி பதவியேற்ற பக்கத்து ஊர்த் தலைவர்கள் சிலர், "அக்கா, இதுக்கு என்ன செய்யணும்?" என்று கேட்டுக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வருவார்கள். மாடியில் வீடு கட்ட அனுமதி, எரியாத தெருவிளக்கு, வராத மானியம் என்று ஆளுக்கொரு கவலை. கேட்டு முடிக்கும்போது எனக்கு வயிற்றைப் பிசையும். பதினான்கு வருடத்துக்கு முன்னால் நான் எந்தக் குழியில் விழுந்தேனோ, அதே குழியில் அவர்களும் விழுந்திருப்பார்கள். அடுத்து அந்த நாற்காலிக்கு வருகிறவர்களாவது தப்பிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். கமிஷன் வாங்காதே, கணக்கில் பொய் எழுதாதே என்பதெல்லாம் இதில் இருக்காது. அது தெரியாமல் யாரும் தேர்தலில் நிற்பதில்லை.

துணைத் தலைவரை செக் கையெழுத்துக்கு மட்டும் தேடுவது

தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். அதனால் பல ஊர்களில் தோற்ற தரப்பின் ஆள்தான் துணைத் தலைவராக வந்து உட்காருவார். எங்கள் ஊரிலும் அப்படித்தான். ஊராட்சி செக்கில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் பணம் வெளியே வரும்.

நான் செய்த தவறு, செக்கை எழுதி, என் கையெழுத்தையும் போட்டு, கிளார்க் கையில் அவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பியது. என்ன பில், யாருக்கு, எதற்கு என்று அவரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மூன்றாவது மாதம் அவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். இரண்டு மாதம் டேங்க் ஆபரேட்டருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் சம்பளம் இல்லை. ஆபரேட்டர் தன் மனைவியின் தோட்டை அடகு வைத்த விஷயம் எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். செக் எழுதுவதற்கு முந்தின நாள் சாயங்காலமே பில்களை எடுத்துக்கொண்டு நானே அவர் வீட்டுக்குப் போவேன். "அண்ணே, இது மோட்டார் காயில் கட்டுன பில்லு, இது பல்பு வாங்குனது" என்று காட்டிவிட்டு வருவேன். அதன் பிறகு பத்து வருடத்தில் ஒரு செக்கும் நிற்கவில்லை. இப்படிச் சண்டை முற்றி, மாவட்ட ஆட்சியர் தலையிட்டு, செக் அதிகாரம் வட்டார வளர்ச்சி அலுவலர் (பி.டி.ஓ.) கைக்குப் போன ஊர்களை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு தலைவர், துணைத் தலைவர் இருவருக்குமே ஊரில் பேச்சு எடுபடாது.

டிஜிட்டல் கையொப்பச் சாவியை கிளார்க்கிடம் விடுவது

கணினி வழியாகப் பணம் அனுப்பும்போது உங்கள் கையெழுத்தாகச் செல்லும் சிறு கருவி அது. செக் புத்தகம் முழுக்க முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதும் இதுவும் ஒன்றுதான். சாவி உங்கள் வீட்டுப் பீரோவில் இருக்கட்டும், கடவுச்சொல் உங்கள் மனதில் இருக்கட்டும்.

தீர்மானம் எழுதும் முன்பே கையெழுத்து வாங்குவது

இதைப் பற்றி நிறைய எழுத வேண்டியிருக்கிறது. இவ்வளவு வருடம் கழித்தும் எனக்கு ஆறாத தவறு இது.

கிராம சபை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். எங்கள் காலத்தில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று வருடத்துக்கு நான்கு. 2022இல் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் சேர்த்து ஆறாக்கினார்கள். கூட்டம் செல்லுபடியாக கோரம், அதாவது குறைந்தபட்ச வருகை, வேண்டும். 500 பேர் வரை உள்ள ஊருக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். எங்கள் ஊருக்கு 100. இந்த எண்ணிக்கைதான் எல்லாரையும் பதற வைக்கிறது. ஆட்கள் எழுந்து போவதற்குள் கையெழுத்தை வாங்கிவிட வேண்டும் என்று, வரும்போதே தீர்மானப் புத்தகத்தை நீட்டிவிடுகிறார்கள். மேலே நான்கைந்து பக்கம் வெறுமையாக விட்டு, கீழே கையெழுத்தும் கைநாட்டும் வரிசையாக விழும். தீர்மானத்தை கிளார்க் பிறகு ஆபீஸில் உட்கார்ந்து எழுதிக்கொள்வார்.

நான் தலைவராக நடத்திய முதல் கிராம சபை 2007 ஜனவரி 26. பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடி. அப்போது அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் வந்திருந்தது. ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஐந்து வருடத்தில் ஒரே ஒரு தடவை, 20 லட்சம் ரூபாய். அடுத்த வருடம் எங்கள் முறை. நூலகம், ஊருணி, விளையாட்டு மைதானம், சுடுகாடு என்று என்னென்ன வேலை எடுக்கலாம் என்று பேசினோம்.

காலனியிலிருந்து முப்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். அவர்கள் கேட்டது ஒன்றுதான். அவர்கள் சுடுகாட்டுக்குப் பாதை கிடையாது. வயல் வரப்பில்தான் பாடையைத் தூக்கிப் போக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் யாராவது இறந்தால் முழங்கால் சேற்றில் நடக்க வேண்டும். கூட்டத்தில் யாரும் மறுக்கவில்லை. ஊர்ப் பெரியவர் ஒருவரே எழுந்து, "முதல்ல அதைப் போடுங்க" என்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். கிளார்க், "குறிச்சு வச்சுக்கிட்டேன், பொறுமையா எழுதிக்கலாம்" என்றார். நானும் வெற்றுப் பக்கத்தின் கீழே கையெழுத்துப் போட்டேன். எனக்குக் கீழே 134 பேர்.

அவர் எழுதியது, "சுடுகாடு மேம்பாடு செய்ய ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." அவ்வளவுதான். எந்தச் சுடுகாடு என்று இல்லை. எங்கள் ஊராட்சியில் இரண்டு சுடுகாடு உண்டு. ஓவர்சியர் வந்தபோது நான் ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தேன். உடன் போனவர்கள் ஊர்ச் சுடுகாட்டைக் காட்டினார்கள். அதற்கு ஏற்கெனவே தார் ரோடு உண்டு. அங்கேயே சுற்றுச்சுவரும் எரிமேடையும் வந்தன. எஸ்டிமேட் போட்டு, நிர்வாக அனுமதி வாங்கி, வேலை உத்தரவும் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஒன்றிய அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கே தீர்மானப் புத்தகத்தைத் திறந்து என் கையெழுத்தைக் காட்டினார்கள். அதற்கு மேல் பேச எனக்கு என்ன இருக்கிறது?

அந்தக் கார்த்திகையிலேயே காலனியில் ஒரு பெரியவர் இறந்தார். மூன்று நாளாக விடாத மழை. தூக்கிப் போனவர்களில் ஒருவர் வழுக்கி விழுந்து கால் முறிந்தது. பத்து நாள் கழித்து, கால் முறிந்தவரின் மனைவி என் வீட்டுக்கு வந்தார். திட்டவில்லை. "ஏந்தாயி, நான் கைநாட்டு வெச்சது இதுக்கா?" என்று மட்டும் கேட்டார். ஊர்ச் சுடுகாட்டுக்கு மதில் கட்டச் சொன்ன அந்தத் தீர்மானத்துக்குக் கீழே அவருடைய பெருவிரல் ரேகையும் இருந்தது.

அந்த 20 லட்சம் திரும்ப வரவில்லை. பாதை கிடைத்தது 2012இல், தாய் திட்டத்தில். ஊராட்சி மொத்தத்துக்கு என்றில்லாமல் குக்கிராமம் குக்கிராமமாகக் கணக்கெடுத்து, குடிநீர், தெருவிளக்கு, ரோடு, சுடுகாடு, சுடுகாட்டுப் பாதை என்று அடிப்படை வசதிகளுக்குப் பணம் கொடுத்த திட்டம் அது. நடுவில் ஐந்து மழைக்காலம் போய்விட்டது.

கிளார்க்கை நான் குற்றம் சொல்லவில்லை. அவர் முந்தைய தலைவர்களிடம் எப்படி எழுதினாரோ அப்படியே எழுதினார். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது நான். காலனிக்காரர்கள் என்னை நம்பித்தான் விரலை மையில் வைத்தார்கள்.

இதே காட்சியை 2021 அக்டோபர் 2 அன்று வேறொரு ஊரில் பார்த்தேன். வாசலில் ஒரு மேசை, திறந்த புத்தகம், மேலே வெள்ளைப் பக்கம், வருகிறவர்கள் எல்லாம் கையெழுத்து. தலைவர் சின்னப் பையன், நன்றாகப் படித்தவன். "தம்பி, எழுதாத தாளில் ஏன் வாங்குறீங்க?" என்றேன். "கோரம் காட்டணும்லக்கா, எல்லா ஊர்லயும் இப்படித்தானே" என்றான். எனக்கு வந்த கோபத்தில் கூட்டம் முடியும்வரை அங்கே இருக்க முடியவில்லை.

இதைத் தவிர்ப்பது கஷ்டமே இல்லை. என் இரண்டாவது கிராம சபையிலிருந்து இப்படித்தான் செய்தேன்.

வருகைக் கையெழுத்துக்குத் தனிப் பதிவேடு வைத்தேன். கோரம் அதிலேயே தெரிந்துவிடும். ஒரு பொருள் பேசி முடிந்ததும், அடுத்ததற்குப் போகும் முன்பே தீர்மானத்தை அங்கேயே எழுதச் சொன்னேன். கிளார்க்குக் கை வலிக்கும், கூட்டம் ஒரு மணி நேரம் நீளும், பரவாயில்லை. எழுதியதை மைக்கில் வாசிக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கூட்டத்தில் இருக்கிறார்கள். தங்கள் தெருப் பெயர் அதில் வருகிறதா என்று அவர்கள் காதால்தான் தெரிந்துகொள்ள முடியும். கடைசி வரிக்குக் கீழே குறுக்குக் கோடு போட்டு, அதை ஒட்டித் தலைவர் கையெழுத்து. இடையில் இன்னொரு வரி நுழைய இடம் விடக்கூடாது.

வாசகமும் முக்கியம். "சாலைப் பணிகள்", "குடிநீர் மேம்பாடு", "மற்றும் இதர பணிகள்" என்று எழுதினால் ஊரில் எந்த மூலைக்கும் அது பொருந்தும். எந்தக் குக்கிராமம், எந்தத் தெரு, யார் வீட்டிலிருந்து எதுவரை, எந்த நிதி என்று எழுதுங்கள். எதிர்ப்பு வந்தால் எதிர்ப்பையும் எழுதுங்கள். இருபது பேர் வேண்டாம் என்று சொன்ன விஷயத்தை "ஏகமனதாக" என்று எழுதினால், நாளைக்கு அந்த இருபது பேரும் ஆட்சியர் அலுவலகத்தில் மனுவோடு நிற்பார்கள்.

பொருள் பட்டியலின் கடைசியில் "தலைவர் அனுமதியுடன் இதர பொருள்கள்" என்று ஒரு வரி வரும். கூட்டம் பாதி கலைந்த நேரத்தில், தடையில்லாச் சான்று, மனைப்பிரிவு, புறம்போக்கு குத்தகை என்று ஆபத்தான விஷயங்கள் அந்த வழியாகத்தான் உள்ளே வரும். கூட்டத்தில் விவாதிக்காத எதையும் அதில் ஏற்காதீர்கள். யாராவது ரொம்ப அவசரம் என்றால், அடுத்த கூட்டத்தில் முதல் பொருளாக வைக்கிறேன் என்று சொல்லுங்கள்.

கையெழுத்து முடிந்த உடனே எல்லாப் பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் முதலில் தலைவரானபோது அந்த வசதி இல்லை, நகல் எடுக்க டவுனுக்குப் போக வேண்டும். இப்போது கூட்டத்தைப் படம் எடுத்துச் செயலியில் ஏற்றுகிறார்கள், நல்லதுதான். ஆனால் கூட்டத்தின் படம் இருந்து தீர்மானப் பக்கத்தின் படம் இல்லை என்றால், எதற்குக் கை தூக்கினார்கள் என்பது யாருக்கும் தெரியாது.

கணவரை நாற்காலியில் உட்கார வைப்பது

வேண்டவே வேண்டாம், தங்கச்சிகளே. ஒரு நாள்கூட வேண்டாம்.

வீட்டு வரியைத் தொடப் பயப்படுவது

வரி கேட்டால் அடுத்த தடவை ஓட்டு விழாது என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் முதல் இரண்டு வருடம் வசூலைக் கண்டுகொள்ளவில்லை. ஊராட்சிக்கென்று சொந்த வருமானம் வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் போன்ற சிலதுதான். எங்கள் காலத்தில் வசூலித்த வீட்டு வரிக்கு இணையாக அரசும் மானியம் தந்தது. அதனால் நாம் விட்ட ஒவ்வொரு ரூபாயும் இரண்டு ரூபாய் நஷ்டம். மூன்றாவது வருடம் வீடு வீடாகப் போனேன், முதல் ரசீதை என் வீட்டுக்கே போட்டேன். யாரும் சண்டைக்கு வரவில்லை. "குழாயில தண்ணி வந்தா நாங்க ஏன் கட்ட மாட்டோம்?" என்றார்கள்.

மின்கட்டணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது

மோட்டாரும் தெருவிளக்கும் ஓட ஓட பில் ஏறும். எங்கள் காலத்தில் ஊராட்சியின் வங்கிக் கணக்குகளில் இரண்டாம் எண் கணக்கே மின்சாரத்துக்கும் குடிநீர் வாரியத்துக்கும் என்று ஒதுக்கியது. அதிலிருந்து வேறு செலவுக்குக் கை வைத்த ஊர்கள் நிலுவையில் மூழ்கின. கோயம்புத்தூர் மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சி 2006இல் சொந்தமாக 350 கிலோவாட் காற்றாலையே நிறுவி, மின்வாரியத்துக்கு மின்சாரம் விற்றது. எல்லாராலும் அது முடியாது. ஆனால் அவர்களும் ஆரம்பித்தது ஏறிக்கொண்டே போன கரண்ட் பில்லைக் கவனிப்பதில்தான். மாதாமாதம் பில்லை நீங்களே பாருங்கள். திடீரென்று கூடினால் எங்கோ குழாய் உடைந்து மோட்டார் இரண்டு மடங்கு நேரம் ஓடுகிறது என்று அர்த்தம்.

தொட்டியில் ஏறிப் பார்க்காதது

சுத்தம் செய்த தேதி குடிநீர் மேல்நிலைத் தொட்டியின் காலில் எழுதியிருக்கும். அதை நம்பாமல், உடம்பு இடம் கொடுத்தால் ஒரு தடவை ஏறுங்கள், முடியாவிட்டால் நம்பிக்கையான வார்டு உறுப்பினரை ஏற்றுங்கள். அப்படியே கடைசித் தெருக் குழாயில் குளோரின் இருக்கிறதா என்றும் சோதித்துப் பாருங்கள். தொட்டிக்குப் பக்கத்துக் குழாயில் சோதிப்பதால் பயன் இல்லை.

பதிவேடுகளை ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்காதது

பதவி முடிகிற நாளில் மனசு கனத்துப் போய் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம். தணிக்கைக் கேள்விகள் அதற்குப் பிறகுதான் வரும். 2016இல் நான் விலகினேன். இரண்டு வருடம் கழித்து, ஒரு சிமெண்ட் ரோட்டின் அளவுப் புத்தகத்தைக் காணோம், எங்கே என்று கேட்டுக் கடிதம் வந்தது. நல்லவேளை, எந்தெந்தப் பதிவேடு, எத்தனை பக்கம், கடைசியாக எழுதிய தேதி என்ன என்று பட்டியல் போட்டு, பெற்றுக்கொண்டவரிடம் ஒவ்வொரு தாளிலும் கையெழுத்து வாங்கியிருந்தேன். 17ஆம் வரிசை எண்ணில் அந்தப் புத்தகம் இருந்தது. நகலை இணைத்துப் பதில் அனுப்பினேன். ஒரு வாரத்தில் அவர்கள் அலமாரியிலேயே புத்தகம் கிடைத்துவிட்டது.