எண்ணூரிலிருந்து கிண்டிக்குத் தினமும் போய் வர

நான் முதலில் கடற்கரைச் சாலை வழியாக பைக்கில்தான் போனேன். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஒரு மழைக்கால இரவு சறுக்கி விழுந்த பிறகு விட்டுவிட்டேன். நீங்களும் அந்தச் சாலையைத் தினசரி வழியாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

மின்சார ரயிலுக்கு மாத சீசன் எடுங்கள். ஆனால் சென்ட்ரல் வரை போகாதீர்கள். பேசின் பிரிட்ஜுக்கு முன்னால் சிக்னலுக்காக வண்டி நின்றால் நேரத்துக்கு உத்தரவாதமே இல்லை. எண்ணூரில் ஏறி, கத்திவாக்கம் தாண்டி, விம்கோ நகரில் இறங்குங்கள். மெட்ரோ பக்கத்திலேயே இருக்கிறது. 2021இல் மெட்ரோ இங்கே வந்தது எங்களுக்கெல்லாம் பெரிய விடுதலை. வண்டி இந்த முனையிலிருந்தே கிளம்புவதால் காலையில் உட்கார இடம் கிடைக்கும். கிண்டி வரை மாறவும் வேண்டாம். சிங்கார சென்னை கார்டு வாங்கிவிட்டால் கட்டணத்தில் 20 சதவீதம் குறையும், வரிசையிலும் நிற்க வேண்டாம்.

வீட்டுக்குச் சொல்ல வேண்டியதைத் புது வண்ணாரப்பேட்டைக்குள் பேசி முடித்துவிடுங்கள். அதற்கப்புறம் சுரங்கம். சைதாப்பேட்டை வரை நான் தூங்கிவிடுவேன், அலாரம் வைத்துத்தான். அந்தத் தூக்கம் இல்லையென்றால் மாலையில் பிள்ளைகளிடம் எரிந்து விழுவேன்.

திரும்பும்போது கூட்டம்தான். சென்ட்ரலில் நிறையப் பேர் இறங்குவார்கள், அதுவரை பையை முன்னால் மாட்டிக்கொண்டு நில்லுங்கள். ராத்திரி விம்கோ நகரில் ரயிலைத் தவறவிட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் ஆகும். அதனால் கடைசி இரண்டு வண்டிகளின் நேரத்தை எழுதி கார்டு உறையிலேயே வைத்திருக்கிறேன்.